புகார் கொடுத்த பிறகு அந்த மாணவிக்கு என்ன நடக்கிறது?

2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். நண்பருடன் இருந்தவரை, வெளியிலிருந்து உள்ளே புகுந்த ஒருவர் மிரட்டி, நண்பரை விரட்டிவிட்டு அந்தக் குற்றத்தைச் செய்தார். நீங்கள் இருவரும் தனியாக இருந்ததை வீடியோ எடுத்திருக்கிறேன், கல்லூரிக்கும் வீட்டுக்கும் காட்டிவிடுவேன் என்பதுதான் அவருடைய மிரட்டல்.

அந்த மாணவி பயந்து ஒதுங்கிவிடவில்லை. கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் பதிவானது. இரண்டு நாளில் கைது நடந்தது. 2025 மே 28ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் அந்த ஆளைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2ஆம் தேதி ஆயுள் தண்டனை விதித்து, குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எந்தத் தண்டனைக் குறைப்பும் கூடாது என்றும் சொன்னது. ஐந்து மாதமும் சில நாட்களும்தான். நம் ஊரில் இவ்வளவு வேகம் அபூர்வம்.

ஆனால் அந்த ஐந்து மாதத்தின் முதல் வாரத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். மாணவியின் விவரங்களோடு இருந்த முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியானது. ஆயிரக்கணக்கானவர்களின் போனுக்கு அது போய்ச் சேர்ந்தது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால், தானாகப் பூட்டப்பட வேண்டிய அறிக்கை திறந்து கிடந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. டிசம்பர் 28ஆம் தேதி மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அந்த அறிக்கை எழுதப்பட்ட மொழியே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதுபோல இருக்கிறது என்றும் கண்டித்தது.

குற்றவாளி செய்தது ஒரு கொடுமை. அதற்கு அப்புறம் அறிக்கை வழியாக நடந்தது இன்னொன்று. இந்த இரண்டாவதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. கவனக்குறைவானவர்கள், பயந்தவர்கள், கல்லூரியின் பெயரைக் காப்பாற்ற நினைப்பவர்கள், பிள்ளை மேல் பாசம் உள்ளவர்கள். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றித்தான். அதாவது, நம்மைப் பற்றி.

அந்த மிரட்டலுக்கே திரும்பி வருவோம். கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒரு குற்றவாளி ஏன் மிரட்டுகிறார்? அந்த வீடியோவைப் பார்த்தால் கல்லூரி அந்தப் பெண்ணின் பக்கம் நிற்காது, வீடும் நிற்காது என்று அவர் உறுதியாக நம்புகிறார். அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை, யார் அந்தப் பையன் என்றுதான் கேட்பார்கள் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு பல இடங்களில் சரியாகவும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட மாணவிக்கு உதவுவது என்றால், முதலில் இந்தக் கணக்கைப் பொய்யாக்குவது.

முதலில் தெரிந்துகொள்பவர்

பெரும்பாலும் முதலில் விஷயம் தெரிவது போலீசுக்கு இல்லை, முதல்வருக்கும் இல்லை. ஹாஸ்டல் அறைத்தோழிக்குத்தான். அல்லது பக்கத்து பெஞ்சில் இருக்கும் நண்பனுக்கு. 19 வயது, தனக்கே என்ன செய்வதென்று தெரியாது. அந்த முதல் பத்து நிமிடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து, விஷயம் வெளியே வருமா, உள்ளேயே புதையுமா என்பது பெருமளவு முடிவாகிவிடுகிறது.

நாம் எல்லோரும் கேட்டுவிடும் கேள்விகள் இரண்டு. ஏன் கத்தலை? ஏன் அப்பவே சொல்லலை? நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறோம். கேட்கப்படுபவருக்கு அது குற்றப்பத்திரிகை போல இருக்கும். ஆபத்து வரும்போது உடல் சண்டை போடும், அல்லது ஓடும். மூன்றாவதாக, அப்படியே உறைந்தும் போகும். கை கால் அசையாது, குரல் எழும்பாது. அது சம்மதம் ஆகாது, கோழைத்தனமும் இல்லை. மூளை தன்னிச்சையாகச் செய்யும் வேலை. நினைவும் அந்த நேரத்தில் ஒழுங்காகப் பதியாது. நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்வார். சின்ன விஷயம் ஒன்று துல்லியமாக ஞாபகம் இருக்கும், நேரம் ஞாபகம் இருக்காது. சிலர் அழுவார்கள், சிலர் எதுவும் நடக்காததுபோல மறுநாள் லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். அதை வைத்து, இவளைப் பார்த்தால் பாதிக்கப்பட்ட மாதிரியே இல்லையே என்று சொல்வது பெரிய அநியாயம்.

அப்படியானால் தோழி என்ன சொல்லலாம்? நீ சொல்றதை நான் நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்லை. இப்போ உனக்கு என்ன வேணும்? இந்த மூன்றும் போதும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பாலியல் வன்கொடுமை என்பது ஒருவருடைய உடல் மீது அவருக்கு இருக்கும் உரிமையைப் பறிப்பது. அதற்கு அடுத்த நிமிடமே, வா போலீசுக்குப் போகலாம், வேண்டாம் யாருக்கும் சொல்லாதே, உங்க அம்மாவுக்கு போன் போட்டுட்டேன் என்று மற்றவர்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்தால், பறிபோனது திரும்பி வராது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கூடப் போவது தோழியின் வேலை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கல்லூரி ஆசிரியர்களே இதைப் பல சமயம் மறந்துவிடுகிறார்கள். முதலாண்டில் சேரும் மாணவிகள் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். 18 வயது நிரம்பாதவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்துவிடுகிறது. அதன் 19ஆவது பிரிவின்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் 17 வயது மாணவியிடம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஆசிரியர் வாக்குக் கொடுப்பது தவறு. பிறகு அதை மீற வேண்டி வரும், நம்பிக்கை உடையும். பேச்சின் தொடக்கத்திலேயே இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனைக்குப் போவது வேறு, போலீசுக்குப் போவது வேறு

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க நாளாகலாம். உடம்புக்கு அவ்வளவு நேரம் கிடையாது. கருத்தடை அவசர மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். உடலிலிருந்து தடய மாதிரிகள் எடுப்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை இடம் தருகிறது. குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. ஏற்கெனவே குளித்துவிட்டால் அதனால் எல்லாம் முடிந்துவிடவில்லை, அப்போதும் போகலாம். கழற்றிய உடையை பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவு. முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்புவது தண்டனைக்குரிய குற்றம். மருத்துவப் பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பரிசோதனை வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது. இரண்டு விரல் சோதனை என்ற அவமானத்தை யாராவது இன்னும் செய்தால், அது முறைகேடான நடத்தை என்று 2022 அக்டோபர் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அதற்கு முன்பே தமிழ்நாட்டில் அதை நிறுத்தச் சொல்லியிருந்தது.

காவல் நிலையம் என்று வரும்போது, குற்றம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்ற பேச்சே கூடாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எடுக்க வேண்டும். அதை மாணவியின் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ எடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுக்கும் காவலர் மீதே வழக்குப் போட முடியும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு 2 ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தவர்கள், இது நமக்கு இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, எந்தப் பெண்ணும் வருமானக் கணக்கு காட்டாமலே இலவச சட்ட உதவி பெறலாம்; அழைக்க வேண்டிய எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. அவசரத்துக்கு 112. படம், வீடியோவை வைத்து மிரட்டினால் 1930. மனம் தாங்காமல் போகும் இரவுகளில், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இந்த எண்களைக் கல்லூரி அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிடுவதற்கு என்ன செலவாகிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

விசாகா கமிட்டி என்று நாம் சொல்வது

இனி கல்லூரிக்குள் வருவோம். குற்றம் செய்தவர் வெளியாளாக இருந்தால் கல்லூரிக்கு அது ஒருவிதத்தில் எளிது. பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும். பேராசிரியராகவோ, சீனியராகவோ, கூடப் படிப்பவராகவோ இருக்கும்போதுதான் நிறுவனத்தின் உண்மை முகம் தெரியும்.

1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற களப்பணியாளர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிய வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. 2013இல் அது சட்டமானது. கல்லூரிகளுக்கென்று தனியாக யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒழுங்குமுறை வகுத்து 2016 மே மாதம் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படிதான் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இன்றும் விசாகா கமிட்டிதான்.

அந்த ஒழுங்குமுறையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு நல்ல விஷயங்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் மூத்த பெண் பேராசிரியர். ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாத பணியாளர்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து குழு தள்ளி இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். மாணவி போலீசுக்குப் போக விரும்பினால் குழு அதற்கு உதவ வேண்டும். எங்ககிட்ட முடிச்சுக்கலாம், வெளியே போகாதே என்று தடுப்பதற்கு அதில் இடமே இல்லை.

நடைமுறையில்? கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கு ஒரு ஃபைல். அதில் முதல்வர் சொன்ன பெயர்கள். மாணவர் உறுப்பினர்களுக்குத் தேர்தல் நடந்த கல்லூரியை விரல் விட்டு எண்ணலாம். தன் கல்லூரியின் குழுத் தலைவர் யார் என்று ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது. தெரியாத ஒருவரிடம் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான விஷயத்தை எப்படிப் போய்ச் சொல்வார்?

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் குழுவிடம் புகார் கொடுக்க வேண்டும் என்ற கெடு எனக்குத் தனிப்பட்ட முறையில் ஏற்க முடியாத ஒன்று. இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். தன் இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் மீது மாணவி எப்போது புகார் கொடுப்பார்? அந்த செமஸ்டர் முடிந்து, அவர் பாடம் எடுக்காத ஆண்டு வந்த பிறகு. முனைவர் பட்ட மாணவி என்றால், நெறியாளர் கையெழுத்துப் போட்டு பட்டம் கைக்கு வந்த பிறகு. கொல்கத்தாவின் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில், துணைவேந்தர் மீது பெண் ஆசிரியர் ஒருவர் கொடுத்த புகார் இந்தக் கெடு தாண்டிவிட்டது என்பதால் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் நீதிமன்றம் சொன்னது. ஒரு பேராசிரியருக்கே இந்த நிலை என்றால், 19 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தக் கெடு குழுவுக்குத்தான். வன்கொடுமை பற்றிக் காவல்துறையில் புகார் கொடுக்க அப்படி ஒரு காலக்கெடு கிடையாது.

விசாரணையைச் சரியாக நடத்தத் தெரியாத குழுவும் ஆபத்துதான். 2009இல் கோவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் மீது மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாகக் கூடி விசாரித்தது, அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பதே காரணம். வழக்கு மறுபடியும் குழுவிடமே போனது. 14 ஆண்டு. அந்த மாணவிகள் அப்போது முப்பதுகளில் இருந்திருப்பார்கள், மறுபடி முதலிலிருந்து. எதிர்த்தரப்புக்கு நியாயமாக நடப்பது பாதிக்கப்பட்டவருக்கு எதிரானது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில், முறைப்படி நடந்த விசாரணைதான் மேல்முறையீட்டில் நிற்கும், அந்தப் பெண்ணையும் காப்பாற்றும். குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி தராத கல்லூரி இரண்டு பேரையும் ஏமாற்றுகிறது.

இன்னொரு எல்லையில், எதுவுமே செய்யாமல் இருப்பது. 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் ஃபக்கீர் மோகன் கல்லூரி மாணவி ஒருவர், தன் துறைத் தலைவர் மீது கொடுத்த புகாருக்கு நடவடிக்கை இல்லை என்று மனம் உடைந்து, 12ஆம் தேதி கல்லூரி வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். இரண்டு நாள் கழித்து புவனேஸ்வர் எய்ம்ஸில் இறந்தார். 20 வயது. அந்தச் சம்பவத்தையொட்டித் துறைத் தலைவரும் முதல்வரும் கைதானார்கள். அந்தப் பெண் புகார் கொடுக்கத் தெரியாதவர் இல்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கொடுத்தார்.

பொய்ப் புகார் பற்றி எப்போதும் யாராவது கேட்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கைக்கு 2013 சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் மாணவிகளிடம் சொல்லிப் பயமுறுத்தும் வழக்கம் நிற்க வேண்டும்.

ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் இதில் எங்கே இருக்கிறார்கள்? அவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளாகக் கூடியவர்கள் என்பதை யுஜிசி ஒழுங்குமுறை ஒப்புக்கொள்கிறது. நாட்டின் குற்றவியல் சட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. ஆண் மீதான வன்கொடுமைக்கும் பயன்பட்ட, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 377ஆவது பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. அதனால் வன்கொடுமைக்கு ஆளான வயதுவந்த ஆணுக்கு நேரடியான பிரிவே இல்லாமல் போய்விட்டது. ஹாஸ்டல் ராகிங் என்ற பெயரில் நடப்பவற்றில் எவ்வளவோ இந்த இடைவெளியில் விழுகின்றன.

கேட்டைச் சீக்கிரம் பூட்டுவது

ஒரு சம்பவம் நடந்தவுடன் கல்லூரிகள் செய்யும் முதல் காரியம், மாணவிகள் விடுதிக் கதவை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டுவது. பெற்றோர் நிம்மதி அடைவார்கள், செய்தித்தாளில் நடவடிக்கை என்று வரும். ஆனால் விடுதியில் இருக்கும் 400 பெண்களுக்கும் அதன் அர்த்தம் ஒன்றுதான்: அவள் புகார் கொடுத்ததால் நமக்கு நூலகம் போச்சு. அடுத்து யாருக்காவது எதாவது நடந்தால் அவர் வாயைத் திறப்பாரா? அந்த இரவே அறைத்தோழிகளின் முகம் மாறும். பாதிக்கப்பட்ட பெண் மொத்த விடுதிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவார்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை மாணவிகள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று யுஜிசி ஒழுங்குமுறையிலேயே எழுதியிருக்கிறது. நடமாட்டத்தை ஒடுக்குவதோ, கண்காணிப்பை ஏற்றிக்கொண்டே போவதோ தீர்வாகாது என்றும் இருக்கிறது. விளக்கு போடுங்கள், கேமரா வேலை செய்கிறதா என்று பாருங்கள், யார் உள்ளே வருகிறார்கள் என்று வாசலில் கேளுங்கள். அதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. விஷயம் தெரிந்ததும், போதும்மா படிச்சது, வீட்டுக்கு வா என்று பெட்டியைக் கட்டுவது பாசத்தில் செய்வதுதான். செய்தவன் அதே வகுப்பில் படித்துப் பட்டம் வாங்குவான். உங்கள் பெண்தான் படிப்பை இழப்பாள். வீட்டுக்கு வர வேண்டும் என்று அவளே சொன்னால் அழைத்து வாருங்கள். சொல்லாவிட்டால், அவள் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் நீங்கள் போய்த் தங்குங்கள்.

மறுபடி வகுப்புக்கு

வழக்கு பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்த மாணவிக்கு அதைவிட அன்றாடமான கவலைகள் இருக்கும். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்ததில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். தேர்வு எழுத விடுவார்களா? அவன் இருக்கும் அதே ஹாலில்தான் எழுத வேண்டுமா? கேன்டீனில் அவன் நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டுமா?

இதற்கெல்லாம் விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்கால ஏற்பாடாக, புகார் கொடுத்தவருக்கு எந்தப் பலனும் குறையாமல் மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். இங்கே பழக்கதோஷத்தில் மாணவியையே மாற்றுகிறார்கள். அவர் கேட்டாலொழிய மாற வேண்டியவர் எதிர்த்தரப்புதான் என்பது என் கருத்து. புகாருக்கு உள்ளான ஆசிரியர் அவருடைய விடைத்தாளைத் திருத்தவோ, அவரை மதிப்பிடவோ கூடாது என்று தடுக்கலாம். நெருங்கக் கூடாது என்று எச்சரிக்கலாம். ஆபத்து இருந்தால் வளாகத்துக்குள் வரவே தடை போடலாம். இவை எல்லாம் யுஜிசி ஒழுங்குமுறையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் ஏற்பாடுகள்.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவில் செய்திகளில் பெரிதாக வந்தது 25 லட்சமும் சிறப்புக் குழுவும்தான். அதே உத்தரவில் இன்னொரு பகுதி இருக்கிறது. மாணவியிடம் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எதுவும் வாங்காமல் அவர் படிப்பை முடிக்கவிட வேண்டும், மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், குடும்பத்துக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது. கட்டணமும் ஆலோசனையும் எந்தக் கல்லூரி முதல்வரும் புகார் வந்த அன்றே ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடக் கூடியவை.